இ-சிகரெட் பேட்டரி: உள்ளே அடைபட்டதா, கழற்றி மாற்றக்கூடியதா? சட்டங்களும் ஆபத்துகளும் ஒரு பார்வை

புது தில்லி: ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியப்படும் இ-சிகரெட்டுகளின் விற்பனைக்கு பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடை விதித்துள்ளது. கடைகளில் விற்கப்படும் கருவி மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்கதாகவும், திரவத்தை மீண்டும் நிரப்பத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தத் தடையின் சாரம். தடைக்குப் பிறகு சந்தைக்கு வந்த கருவிகளில் பல, பழைய கருவியின் அதே வடிவில், அடிப்பக்கத்தில் ஒரு யுஎஸ்பி துளையைச் சேர்த்துக்கொண்டு வந்தவை. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியைப் பயன்படுத்துவோர் கழற்ற முடியுமா என்ற கேள்வியை பிரிட்டன் சட்டம் எழுப்பவில்லை.

ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. பேட்டரியைக் கருவிக்குள் நிரந்தரமாக அடைத்துவிட்டால் குப்பை பெருகுகிறது. கழற்றக்கூடியதாக வைத்தால், தொழிற்சாலையின் பொறுப்பில் இருந்த பாதுகாப்பு பயன்படுத்துவோரின் சட்டைப்பைக்கு இடம் மாறுகிறது.

இந்தியாவில் இ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், இருப்பு, விளம்பரம் ஆகிய அனைத்தும் 2019 முதல் சட்டப்படி குற்றம். ஆகவே எந்தக் கருவி வாங்கத்தக்கது என்பது இங்கு பொருளல்ல. இதே வகை பேட்டரிகள் இந்திய வீடுகளில் டார்ச் விளக்கு, கைவிசிறி, முகச்சவரக் கருவி, பவர் பேங்க் எனப் பல வடிவங்களில் இருக்கின்றன. கடத்தி வரப்பட்டுப் பறிமுதலாகும் இ-சிகரெட்டுகளும் இறுதியில் பேட்டரிக் கழிவாகவே முடிகின்றன.

கருவியின் உள்ளே

சீன மருந்தாளுநர் ஹொன் லிக் 2003-ஆம் ஆண்டில் உருவாக்கிய வடிவமே இன்றைய இ-சிகரெட்டின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதன் பிறகு வடிவங்கள் பல மாறியிருந்தாலும் அடிப்படை மாறவில்லை. பேட்டரியிலிருந்து பாயும் மின்சாரம் சிறு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. சுருளைச் சுற்றியுள்ள நிகோடின் திரவம் ஆவியாகிறது. மூலிகையை எரிக்காமல் சூடாக்கும் கையடக்க ஆவியாக்கிகளும் ஏறத்தாழ இதே முறையில்தான் இயங்குகின்றன.

சில வினாடிகளில் சுருளைச் சூடேற்றுவதற்குக் கணிசமான மின்னோட்டம் தேவை. சிறிய உடலுக்குள் அவ்வளவு ஆற்றலை அடக்குவதற்கு லித்தியம் அயனி பேட்டரியே பொருத்தமானது. 1991-இல் சோனி நிறுவனம் வணிகச் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தத் தொழில்நுட்பத்தின் உருவாக்கத்துக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எடைக்கு அதிக ஆற்றல் என்ற அதே குணம்தான் இதன் ஆபத்துக்கும் காரணம். மின்கலத்துக்குள் இருப்பது தீப்பற்றக்கூடிய திரவம். குறுக்குச்சுற்று, அடி, மிகைமின்னேற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் உள்வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால், அந்த வெப்பமே மேலும் வெப்பத்தை உண்டாக்கும் சங்கிலி வினை தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு அதை நிறுத்துவது எளிதல்ல.

அடைபட்ட பேட்டரி

பேனா போன்ற சிறு கருவிகள், 2015-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஜூல் போன்ற குப்பி மாற்றும் கருவிகள், ஒருமுறை பயன்பாட்டுக் கருவிகள் ஆகியவற்றில் பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டோ பற்றவைக்கப்பட்டோ இருக்கும். கொள்ளளவு பொதுவாகச் சில நூறு மில்லி ஆம்பியர் மணி முதல் ஆயிரம் வரை.

இந்த அமைப்பின் வலிமை, எல்லாவற்றையும் தயாரிப்பாளரே தீர்மானிப்பதில் உள்ளது. எந்த மின்கலம், அதற்கு எவ்வளவு மின்னோட்டம், எந்த வெப்பநிலையில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பவை ஒரே மின்சுற்றில் பொருத்தப்படுகின்றன. பேட்டரியைத் தலைகீழாகப் போட வழியில்லை. போலி மின்கலத்தை நுழைக்கவும் வழியில்லை. கருவியின் மின் அமைப்பைச் சோதிப்பதற்கென யூஎல் 8139 என்ற தரநிலையும் அமெரிக்காவில் உண்டு. தயாரிப்பாளர் நேர்மையாக நடந்துகொண்டால், இது பயன்படுத்துவோரின் கவனக்குறைவைத் தாங்கும் அமைப்பு. மலிவு விலையில் பெயர் தெரியாமல் வரும் கருவிகளில் அந்த மின்சுற்று சரியாக இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

பலவீனம் ஆயுளில் உள்ளது. லித்தியம் அயனி பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முறை முழுமையாக மின்னேற்றம் செய்யப்பட்ட பிறகு தொடக்கக் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு இறங்குகின்றன. நாளொன்றுக்கு ஒருமுறை மின்னேற்றம் செய்பவருக்கு இது ஏறத்தாழ 10 முதல் 16 மாதங்கள் வரை. அதற்குப் பின் திரை, மின்சுற்று, உலோக உடல் அனைத்தும் நல்ல நிலையில் இருந்தாலும், பேட்டரியோடு சேர்ந்து கருவி முழுவதும் குப்பைக்குப் போகிறது.

ஒருமுறை பயன்பாட்டுக் கருவியில் நிலைமை இன்னும் விந்தையானது. அங்கே முதலில் தீர்ந்துபோவது திரவம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இத்தகைய கருவியில் 2 மில்லி லிட்டருக்கு மேல் நிகோடின் திரவம் இருக்கக் கூடாது. அது தீர்ந்ததும் வீசப்படும் பேட்டரி உண்மையில் புதியது. பிரிட்டனின் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீசப்பட்ட கருவிகளிலிருந்து மின்கலங்களை எடுத்துச் சோதித்து, 2023-இல் ஜூல் என்ற அறிவியல் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். (அந்த இதழுக்கும் அதே பெயர் கொண்ட இ-சிகரெட்டுக்கும் தொடர்பில்லை.) ஒரே தடவை பயன்பாட்டுக்கென விற்கப்பட்ட அந்த மின்கலங்கள் 450 தடவைக்கும் மேல் மின்னேற்றம் செய்யத் தகுந்தவை என்று அவர்கள் கண்டறிந்தனர்.

குப்பை லாரியில் தீ

மெட்டீரியல் ஃபோகஸ் என்ற பிரிட்டன் தன்னார்வ அமைப்பின் கணக்கீட்டின்படி, அந்நாட்டில் வாரந்தோறும் தூக்கி எறியப்பட்ட ஒருமுறை பயன்பாட்டு இ-சிகரெட்டுகளின் எண்ணிக்கை 2022-இல் சுமார் 13 லட்சம். 2023-இல் அது ஏறத்தாழ 50 லட்சம். ஒவ்வொன்றிலும் இருப்பது சுமார் 0.15 கிராம் லித்தியம். தனித்தனியே பார்த்தால் அற்பம். ஓராண்டில் வீணாகும் மொத்த லித்தியம் 5,000 மின்சாரக் கார்களின் பேட்டரிகளுக்குப் போதுமானது என்று அந்த அமைப்பு மதிப்பிட்டது.

வீணாவதைவிட உடனடிப் பிரச்சினை தீ. குப்பை லாரியில் கழிவை அழுத்தும் இயந்திரத்துக்குள் சிக்கும் மின்கலம் நசுங்கித் தீப்பற்றுகிறது; சுற்றியுள்ள காகிதமும் பிளாஸ்டிக்கும் எரிபொருளாகின்றன. இ-சிகரெட் மட்டுமின்றி எல்லா வகை பேட்டரிகளாலும் பிரிட்டனின் குப்பை லாரிகளிலும் கழிவு மையங்களிலும் ஓராண்டில் 1,200-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் நேர்ந்ததாக, அந்த அமைப்பும் தேசிய தீயணைப்புத் தலைவர்கள் கவுன்சிலும் 2024-இல் தெரிவித்தன. பேட்டரியைக் கையால் கழற்ற முடிந்திருந்தால் அதைத் தனியே சேகரித்திருக்கலாம். ஒட்டப்பட்ட கருவியைப் பிரிக்க மறுசுழற்சி நிலையத்தில் ஒரு தொழிலாளி கத்தியும் இடுக்கியும் கொண்டு உட்கார வேண்டும். அந்தக் கூலிக்கு ஈடாக உள்ளே கிடைக்கும் உலோகத்தின் மதிப்பு மிகச் சொற்பம்.

கழற்றக்கூடிய 18650

பெரிய வகைக் கருவிகளில் நிலைமை வேறு. அவற்றில் மூடியைத் திறந்து உருளை வடிவ மின்கலத்தைப் போடலாம், எடுக்கலாம். மிகப் பரவலானது 18650. பெயரே அளவைச் சொல்கிறது: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. அதைவிடச் சற்றுப் பெரிய 21700 வகையும் புழக்கத்தில் உள்ளது. பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுமையாக மின்னேற்றினால் 4.2 வோல்ட். கொள்ளளவு பெரும்பாலும் 2,500 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை.

ஒன்று தீர்ந்தால் மற்றொன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஆயுள் முடிந்தால் மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும். கருவி பல ஆண்டுகள் உழைக்கும். நீண்டகாலப் பயனாளிகள் இவ்வகையை விரும்புவதற்கு இதுவே காரணம். சுற்றுச்சூழல் நோக்கிலும் இதில் குறை காண்பது கடினம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 18650 மின்கலத்தின் மேல்முனையில் உள்ள சிறு பொத்தான் மட்டுமே நேர்முனை. எஞ்சிய உலோக உருளை முழுவதும் எதிர்முனை. இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு காப்பு வளையமும், காகிதத் தடிமனே உள்ள பிளாஸ்டிக் உறையும். உறை மேல்விளிம்பில் சற்றுக் கிழிந்திருந்து, அந்த இடத்தில் கருவியின் உலோகம் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிடும். உறை இல்லாமலேயே விபத்துக்கு வழி உண்டு: உதிரி மின்கலத்தைச் சாவிக்கொத்தோ சில்லறைக் காசுகளோ கிடக்கும் பையில் போட்டுக்கொண்டால் போதும். சாவி இரு முனைகளையும் ஒரே நேரத்தில் தொடும் கணத்தில் மின்கலம் தன் ஆற்றல் முழுவதையும் அந்த உலோகத்தின் வழியே கொட்டத் தொடங்குகிறது. தொடையில் ஏற்படும் ஆழமான தீப்புண்கள் இவ்வகை விபத்தின் அடையாளம். மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் மின்கலத்தை வைத்தால் தவிர்த்திருக்கக்கூடிய காயங்கள் இவை.

மின்சுற்றே இல்லாத, பித்தளைக் குழாயும் பொத்தானும் மட்டுமே கொண்ட இயந்திர வகைக் கருவிகள் இன்னும் ஆபத்தானவை. அங்கே மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது பயனாளி சுற்றும் கம்பியின் மின்தடை மட்டுமே. 0.2 ஓம் மின்தடைக்கு 4.2 வோல்ட் அளித்தால் 21 ஆம்பியர், 0.1 ஓம் ஆனால் 42 ஆம்பியர். உயர் மின்னோட்டத்துக்கென உருவாக்கப்பட்ட 18650 மின்கலங்களிலேயே பல, தொடர்ச்சியாக 20 ஆம்பியர் அளவே தாங்கக்கூடியவை. பெயர் தெரியாத சில விற்பனையாளர்கள் பழைய அல்லது தரங்குறைந்த மின்கலங்களுக்குப் புதிய உறை மாட்டி, தாங்க முடியாத எண்ணை அதன்மேல் அச்சிட்டு விற்பதும் உண்டு. ஓம் விதி தெரிந்தவருக்கும் அச்சிட்ட எண் பொய்யாக இருந்தால் பாதுகாப்பில்லை.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் விடுத்த எச்சரிக்கை இந்த இடத்தில் முக்கியத்துவம் பெறுகிறது. 18650 மின்கலங்கள் பேட்டரித் தொகுப்புகளின் உறுப்பாகத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென உற்பத்தியாகின்றன. நுகர்வோருக்குத் தனியே விற்பதற்கானவை அல்ல. இவ்வாறு உதிரியாக விற்கப்படுவதை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று ஆணையம் கேட்டுக்கொண்டது. இ-சிகரெட், கைவிசிறி, தலைவிளக்கு, சில பொம்மைகள் ஆகியவற்றை அது எடுத்துக்காட்டாகச் சுட்டியது.

விபத்துகள் சொல்வது

அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் 2017 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டு ஊடகங்களில் பதிவான 195 இ-சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களை ஆராய்ந்தது. அவற்றில் 133 பேர் காயமடைந்தனர். 38 பேரின் காயங்கள் கடுமையானவை. கருவியோ உதிரி பேட்டரியோ சட்டைப்பையில் இருந்தபோது நேர்ந்தவை 61. பயன்பாட்டின்போது நேர்ந்தவை 60. மின்னேற்றத்தின்போது நேர்ந்தவை 48.

அந்த ஆய்வுக் காலத்தில் உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை. பின்னர் 2018-இல் ஃபுளோரிடாவிலும், 2019-இல் டெக்சாஸிலும் இ-சிகரெட் வெடித்து ஒவ்வொருவர் உயிரிழந்தனர். உருளை வடிவமே இங்கு கேட்டை விளைவிக்கிறது என்று தீயணைப்பு நிர்வாகம் விளக்கியிருந்தது: கைபேசியில் பேட்டரி உப்பினால் உடல் விரிந்து கொடுக்கும், இ-சிகரெட்டின் குழாய் விரியாது. பலவீனமான முனை உடைந்து, கருவி ஏவுகணையைப் போலப் பாய்கிறது. பாயும் திசையில் இருப்பது பெரும்பாலும் பயனாளியின் முகம்.

சட்டைப்பைச் சம்பவங்களின் எண்ணிக்கையை வைத்து, கழற்றும் பேட்டரியே எப்போதும் ஆபத்தானது என்று முடிவு கட்டுவது சரியாகாது. அடைபட்ட பேட்டரிகளும் மின்னேற்றத்தின்போது தீப்பற்றியுள்ளன. வேறுபாடு, தவறு எங்கே நேர்கிறது என்பதில்தான். அடைபட்ட வகையில் அது பெரும்பாலும் தொழிற்சாலையில். கழற்றும் வகையில் பெரும்பாலும் வீட்டில்.

கைபேசி உலகில் இதற்கு இரண்டு பழைய எடுத்துக்காட்டுகள் உள்ளன. 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் பிஎல்-5சி வகையின் 4.6 கோடி பேட்டரிகள் மின்னேற்றத்தின்போது மிகையாகச் சூடாகக்கூடும் என்று அறிவித்தது. அந்த பேட்டரி இந்தியாவில் கோடிக்கணக்கானோர் கையில் இருந்த பெயர். வாடிக்கையாளர்கள் பின்மூடியைத் திறந்து எண்ணைச் சரிபார்த்தனர்; பழுதுள்ளதைக் கொடுத்துப் புதியதைப் பெற்றனர்; கைபேசி அவர்களிடமே இருந்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைபேசியின் பேட்டரி தீப்பற்றியபோது அப்படிச் செய்ய வழியில்லை. பேட்டரி உள்ளே அடைபட்டிருந்ததால் முதற்கட்டத்திலேயே ஏறத்தாழ 25 லட்சம் கைபேசிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அக்டோபரில் அந்த மாதிரியே கைவிடப்பட்டது.

விமானங்களில் இரு வகைக்கும் ஒரே விதிதான். சரக்கறையில் தீப்பற்றினால் அணைக்க ஆளில்லை என்பதால், பதிவு செய்யப்படும் பெட்டிகளில் இ-சிகரெட்டை வைக்க சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் தடை விதித்தது. உதிரி மின்கலங்கள், பவர் பேங்குகளுக்கும் கைப்பை மட்டுமே இடம்.

நாடுகளின் மூன்று வழிகள்

நியூசிலாந்து 2023-இல் துணிந்து ஒரு விதியை வகுத்தது: இ-சிகரெட் எதுவாயினும் பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும். ஒருமுறை பயன்பாட்டுக் கருவிகளைச் சந்தையிலிருந்து வெளியேற்றுவதற்கான மறைமுக வழியாக அது கருதப்பட்டது. அமலாக்கம் தள்ளிப்போனது, விற்பனையாளர் தரப்பு நீதிமன்றத்தை நாடியது, இறுதியில் அரசு அந்த நிபந்தனையைக் கைவிட்டது. அதற்கு மாறாக, ஒருமுறை பயன்பாட்டுக் கருவிகளுக்கு 2025 ஜூன் 17 முதல் நேரடித் தடை நடைமுறைக்கு வந்தது. நோக்கம் ஒன்றாக இருக்க, பேட்டரியைக் கருவியாக்கியது முதல் முயற்சியின் பிழை என்றே தோன்றுகிறது.

பிரிட்டனின் வழி, மின்னேற்றத்தையும் நிரப்புதலையும் மட்டும் வலியுறுத்துவது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெல்ஜியம் முதலாவதாக 2025 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்பாட்டுக் கருவிகளின் விற்பனையைத் தடை செய்தது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒட்டுமொத்தமாக எடுத்துள்ள முடிவு இன்னும் விரிவானது. 2023-ஆம் ஆண்டின் பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் சந்தைக்கு வரும் பொருட்களில் உள்ள கையடக்க பேட்டரிகளைப் பயனாளியே எளிதில் கழற்றி மாற்ற முடிய வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகளே அதற்குப் போதுமானவையாக இருக்க வேண்டும். சூடுகாட்டியோ ரசாயனம் ஊற்றியோ பிரிக்க வேண்டிய நிலை கூடாது. அந்த மாதிரியின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். நீரில் பயன்படும் சில கருவிகள், சில மருத்துவக் கருவிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இ-சிகரெட்டுக்கெனத் தனி விலக்கு அந்தப் பிரிவில் இல்லை.

இந்தச் சட்டத்தில் கவனிக்கத்தக்க ஒரு நுணுக்கம் உள்ளது. மாற்றத்தக்கதாக இருக்க வேண்டியது முழு பேட்டரி. அதற்குள் இருக்கும் தனி மின்கலம் அல்ல. அதாவது, உறையற்ற 18650-ஐக் கையில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பாதுகாப்பு மின்சுற்றும் கெட்டியான கூடும், ஒரே திசையில் மட்டும் பொருந்தும் முனைகளும் கொண்ட பழைய கைபேசி பேட்டரி போன்ற தொகுப்பு சட்டத்தை நிறைவேற்றும். அமெரிக்க ஆணையம் அஞ்சிய ஆபத்தையும் பெருமளவு தவிர்க்கும். அடைத்துவைப்பதா, வெறும் மின்கலமா என்று இரண்டாகவே பேசப்படும் விவாதத்தில் இந்த மூன்றாவது அமைப்புக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை. கூடும் முனைகளும் சேர்வதால் கருவி சில மில்லி மீட்டர் தடிக்கும், விலையும் சற்று உயரும் என்பதைத் தவிர அதற்கு எதிராகச் சொல்ல அதிகமில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் 2019 செப்டம்பர் 18-இல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. இ-சிகரெட்டை உற்பத்தி செய்தல், விற்றல், இறக்குமதி செய்தல் போன்ற குற்றங்களை முதல்முறை செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்தலுக்கு 6 மாதம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பேட்டரிக் கழிவைப் பொறுத்தவரை 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறையில் உள்ளன. சந்தையில் விடப்படும் பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை அவை உற்பத்தியாளர், இறக்குமதியாளர்மீது சுமத்துகின்றன. நிலத்தில் புதைப்பதையும் எரிப்பதையும் தடுக்கின்றன. தடை செய்யப்பட்ட பொருளுக்குச் சட்டப்படியான உற்பத்தியாளரும் இல்லை, இறக்குமதியாளரும் இல்லை. கடத்தி வரப்படும் கருவியின் பேட்டரியைத் திரும்பப் பெறும் கடமை எவருக்கும் இல்லாமல் போகிறது. பறிமுதல் செய்யப்படும் சாதாரண சிகரெட்டுகளை எரித்து அழிக்கலாம். இ-சிகரெட்டுகளை எரிப்பதும் ஆபத்து, நசுக்குவதும் ஆபத்து. பேட்டரி ஒட்டப்பட்டிருப்பின் ஒவ்வொன்றையும் பிரித்தாக வேண்டும்.

சட்டப்படி விற்கப்படும் மற்ற கையடக்கக் கருவிகளின் லித்தியம் மின்கலங்களுக்கும் பேட்டரிகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 16046 தரநிலைப்படி பதிவு கட்டாயம். பதிவு எண் பொறிக்கப்படாத உதிரி மின்கலத்தை வாங்காமல் இருப்பது, உறை கிழிந்ததைப் பயன்படுத்தாமல் இருப்பது, உப்பிய பேட்டரியை மின்னேற்றாமல் இருப்பது, முனைகளில் காப்பு நாடா ஒட்டி மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பது ஆகியவை டார்ச் விளக்குக்கும் கைவிசிறிக்கும் ஒன்றேபோல் பொருந்தும்.